போரும் நகரமும் வௌவால்களை என்ன செய்கின்றன?

போரும் நகர வாழ்க்கையும் வௌவால்களை எப்படிப் பாதிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் வௌவால் குடியேறியதே ஒரு போரால்தான்.

காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீடு. ஐயாவின் அப்பா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததோடு தொழில் போயிற்று. பங்காளிகள் பிழைப்புக்காக ஆளுக்கொரு ஊருக்குப் போக, வீட்டுக்குப் பூட்டு. கல்யாணம், முன்னோர்களைக் கும்பிடும் படைப்பு என்றால்தான் திறப்போம். கதவைத் திறந்ததுமே புழுக்கை வாடை. வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் (இரண்டாவது உள்பகுதிக்குள்) நின்று அண்ணாந்து பார்த்தால் வௌவால் எல்லாம் தேக்கு உத்திரத்தில் தொங்கும், சுவரில் ஒன்றுகூட இருக்காது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு அது, நகம் பிடிக்காது.

உக்ரைனில் கார்கிவ் நகர வௌவால்களுக்கு எமனானதும் வழவழப்புதான். அங்கே சுமார் 30 கிராம் எடையுள்ள ஒரு வகை, பனிக்காலம் முழுக்க அடுக்குமாடிச் சுவர் இடுக்குகளில் தூங்கியே கழிக்கும். 2022-இல் போர் தொடங்கி, குண்டு அதிர்ச்சியில் ஜன்னல்கள் நொறுங்கின. குளிருக்கு முன் இடம் தேடும் வௌவால் அந்த ஓட்டை வழியே உள்ளே போகும், அதன் குரல் கேட்டு மற்றவையும் வரும். ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் விழுந்தால் ஏறிவர முடியாது. வீட்டில் ஆள் இருந்தால் எடுத்து விடலாம், ஆட்கள்தான் ஊரைவிட்டே போய்விட்டார்களே. பட்டினியில் சாகும். அங்குள்ள மீட்புக்குழுவினர் அகப்பட்டவற்றைக் குளிர்பெட்டியில் தூங்கவைத்து வசந்தத்தில் பறக்கவிடுகிறார்கள்.

நகர வாழ்க்கையை ஒரேயடியாகக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். தெருவிளக்கில் மொய்க்கும் பூச்சியை வேகமாகப் பறக்கும் வகைகள் வேட்டையாடும், மெதுவாகப் பறப்பவை வெளிச்சத்துக்கே வராது.

அப்புறம், எங்கள் தப்பு ஒன்று. போன படைப்புக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது, பட்டப்பகலில் காற்றுத் துவாரங்களுக்குக் கம்பிவலை அடித்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துப் பெரிய ஆச்சி திறந்து பார்த்தார்கள். துவாரத்துக்குக் கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பதினேழு வௌவால் செத்துக் கிடந்தன, காய்ந்த வெற்றிலை மாதிரி. குண்டே விழாமல் நாங்கள் செய்த வேலை.

வலை அடிப்பதானால் குட்டி இல்லாத மாதமாகப் பாருங்கள். அந்தி சாய்ந்து எல்லாம் வெளியே போனதை எண்ணிவிட்டு அடியுங்கள். நாங்கள் மூன்றாம் கட்டுத் துவாரங்களை அப்படியே விட்டுவிட்டோம்.