9 மில்லிமீட்டர் கட்டிக்கு இத்தனை அவசரம் ஏன்?

நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் உண்மையான பயம் கடைசி வரியில்தான் இருக்கிறது: ‘ஆபரேஷன் செய்தால் வாய் கோணிவிடுமாமே டாக்டர், வகுப்பில் எப்படி நிற்பேன்?’

உங்கள் இடது காதில் இருக்கும் அக்கவுஸ்டிக் நியூரோமா புற்றுநோய் அல்ல. சமநிலை நரம்பின் உறையில் வளரும் கட்டி. அந்த நரம்பு போகும் எலும்புக் குழாய் வழியாகத்தான் முகத்தை அசைக்கும் நரம்பும் போகிறது. கட்டி பெரிதாகப் பெரிதாக முகநரம்பு நாடா போலத் தட்டையாகி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் நரம்பைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுப்பதுதான் சிரமம்; அது காயப்பட்டால்தான் வாய் கோணும். 3 சென்டிமீட்டர் கட்டியை எடுத்தவருக்கு நேர்ந்ததை இணையத்தில் படித்துவிட்டு, உங்கள் 9 மில்லிமீட்டருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஒருவர் ‘உடனே எடு’ என்கிறார், இன்னொருவர் ‘காமா நைஃப்’ (கத்தி வைக்காமல் கட்டிமேல் கதிர்வீச்சைக் குவிக்கும் சிகிச்சை) என்கிறார், எதற்குச் சம்மதிப்பது என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால், இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இந்த அளவுக் கட்டிகளில் பல ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும். வளர்பவையும் பெரும்பாலும் ஆண்டுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். 6 மாதம் கழித்து, கட்டி படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தி ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒன்று. நார்வேயில் 100 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. முதலிலேயே காமா நைஃப் கொடுத்தவர்களுக்கு 4 ஆண்டில் கட்டி சுருங்கியது உண்மை. ஆனால் காது கேட்பதிலும் தலைச்சுற்றலிலும், காத்திருந்தவர்களைவிட அவர்கள் மேலாக இல்லை.

கட்டி வளர்ந்தால் அப்போது காமா நைஃப் பற்றிப் பேசலாம். அது கட்டியை எடுக்காது, வளர்ச்சியை நிறுத்தும்; பத்தில் ஒன்பது பேருக்கு அது போதும். மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டிக்குத்தான் கத்தி கட்டாயம்.

காத்திருப்பதிலும் ஒரு நஷ்டம் உண்டு, மறைக்கமாட்டேன். கட்டி வளராவிட்டாலும் அந்தக் காதின் கேட்கும் திறன் மெல்லக் குறையலாம். அதனால் வாரம் ஒருமுறை செல்போனை இடது காதில் வைத்துப் பேசிப் பாருங்கள். சத்தம் கேட்பது பெரிதல்ல, வார்த்தை புரிகிறதா என்பதே கேள்வி. நேற்றுவரை புரிந்தது இன்று திடீரென்று இரைச்சலாக மட்டும் கேட்டால், ‘சளி அடைத்திருக்கும்’ என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவர் முன்னால் உட்காருங்கள். ஸ்டீராய்டு கொடுத்து மீட்க முடிகிற காலம் முதல் இரண்டு வாரம்தான், அதிலும் முதல் சில நாட்கள் பொன்னானவை. அந்த ஸ்டீராய்டையும் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. சர்க்கரை வேறு இருக்கிறது உங்களுக்கு.

மற்றவை: செல்போனால் இது வரவில்லை. கழுத்து வலி கட்டியால் அல்ல, விடைத்தாள் திருத்தக் குனிவதால். காதுக்குள் கேட்கும் ‘ஙொய்’ என்ற சத்தம் ஆபரேஷன் செய்தாலும் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதற்காகத் தலையைத் திறக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மூன்று மாதமாகத் தலைச்சுற்றல் மாத்திரை போடுகிறீர்களே, அதை யார் எழுதிக் கொடுத்தது? ஒரு காதின் சமநிலை குறைந்தால் மூளை மறு காதை வைத்துத் தானே பழகிக்கொள்ளும். சமநிலை உணர்வை மந்தமாக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் அந்தப் பழக்கம் வரத் தாமதமாகும். உங்கள் மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள். மாடிப்படியில் கைப்பிடி பிடித்து இறங்குங்கள், தினமும் நடங்கள்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது இந்த முறை எடுத்த படத்தின் சிடியைக் கையோடு கொண்டு போங்கள். வெறும் ரிப்போர்ட் தாளை வைத்து ஒரு மில்லிமீட்டர் வளர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.