வண்ணார்பேட்டை ரவுண்டானா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரவுண்டானாவைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மேம்பாலம் வந்தபின் அந்த இடத்தின் முகமே போய்விட்டது என்று வருந்தியிருந்தீர்கள். என் அப்பா இருபது ஆண்டுகள் டவுன் பஸ் ஓட்டியவர். சாயங்கால வேளையில் அந்த வட்டத்தைக் கடப்பதற்குள் உயிர் போய்விடும் என்று அவர் சொல்லாத நாளில்லை. பழையது என்பதற்காக ஒரு நெரிசலை நினைத்து நாம் ஏங்கலாமா?

வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள அம்மா,

உங்கள் அப்பா பட்ட பாடு என் கட்டுரையில் இல்லை, அது குறைதான். ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிட்ட பிறகே வெளியிலிருந்து வரும் வண்டி உள்ளே நுழைய வேண்டும். எல்லாப் பக்கமும் அளவாக வண்டி வரும்வரைதான் இந்த ஏற்பாடு செல்லும். வண்ணார்பேட்டையிலோ நெல்லை ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் சாலையும், தச்சநல்லூரிலிருந்து வரும் புறவழிச்சாலையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. 2003இல் வேய்ந்தான்குளத்தில் புதிய பேருந்து நிலையம் வந்தபின் வெளியூர் பஸ்களும் சேர்ந்துகொண்டன. மேம்பாலம் வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

இந்த நெரிசலின் வேர் இன்னும் பழையது. நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில் கடந்த காலம் ஒன்று உண்டு. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுப் பதினொரு வளைவுகளோடு பாலம் கட்டிக்கொடுத்தது 1843இல். அன்று முதல் இரண்டு ஊர்களின் நடமாட்டமும் அந்தப் பாலத்தில் கூடி, கொக்கிரகுளம் வழியாக வண்ணார்பேட்டைக்கு வந்துதான் பிரிந்தது.

நான் ஏங்குவது வேறொன்றுக்காக. நம் டவுனில் வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு என்று தெருக்கள் கூடும் இடங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். முக்கு என்றால் ஆள் நிற்கிற இடம், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிற இடம். வண்டிகளுக்காகப் போட்ட ரவுண்டானாவையும் நம் ஆட்கள் முக்காகவே ஆக்கிக்கொண்டார்கள். "ரவுண்டானா பக்கத்துல நிக்கேன், வா" என்றால் போதும், வேறு அடையாளம் தேவைப்படாது. சைக்கிள் பாரில் என்னை உட்காரவைத்துக்கொண்டு வரும் என் அப்பா அங்கே மட்டும் இறங்கி உருட்டிக்கொண்டே நடப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்தவர் இரண்டு பேரையாவது பார்த்து, வீட்டு விசேஷம் முதல் வயலில் தண்ணீர் பாய்ந்த கதைவரை கேட்டுவிடுவார். இன்று மேம்பாலத்தின் மேல் போகிறவருக்குக் கீழே வண்ணார்பேட்டை என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. 1962 முதல் 1967 வரை சட்டப்பேரவைத் தலைவராக இருந்த, நம் மாவட்டத்துச் செல்லப்பாண்டியனின் பெயர் அந்த மேம்பாலத்துக்கு இருப்பதையும் பலர் கவனிப்பதில்லை.

என் வருத்தமெல்லாம் கீழே நடப்பவர்களைப் பற்றியது. வண்ணார்பேட்டையில் ஆஸ்பத்திரிகள் மிகுதி. கையில் மருந்துச் சீட்டோடு தூணோரம் நின்று, எந்தப் பக்கத்து வண்டி முதலில் வரும் என்று தெரியாமல் தயங்கும் முதியவர்களை அங்கே பார்க்கிறேன். மேலே வண்டிக்கு வழி கொடுத்தபின் கீழே நடப்பவருக்கும் கடக்கும் இடமும் உட்கார ஒரு திண்டும் கொடுத்தால் முக்கு திரும்பிவிடும் என்றே நம்புகிறேன்.

உங்கள் அப்பா நலமாக இருந்தால், வட்டத்துக்குள் நுழையும் நேரத்தை எதை வைத்துக் கணித்தார் என்று கேட்டு எழுதுங்கள். என் கட்டுரையில் விடுபட்ட பக்கம் அதுதான். அவர் சொல்வதை அப்படியே இங்கே வெளியிடுகிறேன்.