இரட்டை ஆட்சி: கிளைவ் கொண்டுவந்ததா, 1919 சட்டமா?

கேள்வி: மகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். இரட்டை ஆட்சியைக் கொண்டுவந்தவர் ராபர்ட் கிளைவ் என்று ஒரு பாடம் சொல்கிறது, 1919 சட்டம் கொண்டுவந்தது என்று இன்னொரு பாடம் சொல்கிறது. எது சரி? இரண்டு பேர் சேர்ந்து ஆண்டால் அது இரட்டை ஆட்சியா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டுமே சரிதான். உங்கள் மேல் தப்பில்லை, வேறு வேறான இரண்டு ஏற்பாடுகளுக்குத் தமிழில் ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் கிளைவ் காலத்தியதை டபுள் கவர்ன்மென்ட் என்பார்கள், 1919-இல் வந்ததை டையார்க்கி என்பார்கள். நம் பாடநூல்களில் இரண்டும் இரட்டை ஆட்சி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ஆளுநராக இருந்த கிளைவின் கதை சின்னது. 1765-இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமிடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசா பகுதிகளின் வரி வசூல் உரிமையை, அதாவது திவானியை, கம்பெனி வாங்கிக்கொண்டது. பதிலுக்குப் பேரரசருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். காவலும் குற்ற வழக்குகளும் வங்காள நவாப் பெயரிலேயே நடந்தன. வசூல் ஒருத்தருக்கு, வசவு இன்னொருத்தருக்கு. 1770 பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனதாக அன்றைய கணிப்பே சொன்னது, அப்போதும் கம்பெனி வரியை விடவில்லை. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார்.

டையார்க்கி கிரேக்க வேர் கொண்ட சொல், இருவர் ஆட்சி என்று பொருள். ரோமில் அகஸ்டஸ் காலத்தில் பேரரசரும் செனட்டும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்டதைச் சொல்ல ஜெர்மன் வரலாற்றாசிரியர் மாம்சன் இதைப் பயன்படுத்தினார். அதை இந்திய அரசியலுக்கு இழுத்து வந்து பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் லயனல் கர்டிஸ் என்ற ஆங்கிலேயர். இந்தியாவுக்குப் பொறுப்பாட்சி, அதாவது சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் ஆட்சி, படிப்படியாகத் தரப்படும் என்று 1917 ஆகஸ்டில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு அறிவித்துவிட்டார். ஆனால் எதைத் தருவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது? அதற்குக் கண்டுபிடித்த வழிதான் 1919 இந்திய அரசுச் சட்டம். மாகாண அரசின் துறைகளை இரண்டாகப் பிரித்தார்கள். காவல், நீதி, நிலவரி, பாசனம், நிதி எல்லாம் ஒதுக்கப்பட்ட துறைகள், அவை ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழுவும் பார்ப்பவை. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை, கலால் (மது போன்றவற்றின் மீதான வரி) போன்றவை மாற்றப்பட்ட துறைகள், அவை மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் இந்திய மந்திரிகளுக்கு. மக்கள் என்றால் எல்லாரும் இல்லை, சொத்து இருந்து வரி கட்டுகிற சிலருக்குத்தான் ஓட்டு.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இருவர் சேர்ந்து ஆள்வது இரட்டை ஆட்சி இல்லை. ஒரே அரசுக்குள் இருவர் தனித்தனியாக ஆள்வதும், இருவரும் வேறு வேறு ஆட்களுக்குப் பதில் சொல்வதும்தான் அது. அப்பா மகனிடம் கடையை ஒப்படைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பிலேயே செருகி வைத்திருப்பாரே, கிட்டத்தட்ட அதுதான்.

சென்னை மாகாணத்தையே பாருங்கள். 1920 தேர்தலை காங்கிரஸ் புறக்கணித்தது, நீதிக்கட்சி ஜெயித்தது. கட்சித் தலைவர் தியாகராயர் பதவி வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள, கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். உடல்நலம் கெட்டு சில மாதங்களில் அவர் விலக, 1921-இல் பனகல் அரசர் வந்தார். (தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் சொல்லும் பனகல் பார்க் இவர் பெயரில்தான்.) மந்திரிகள் மூன்று பேர், ஆளுநரின் நிர்வாகக் குழுவில் நான்கு பேர், நிதி அந்த நான்கு பேர் பக்கம். பள்ளிக்கூடம் கட்ட நினைக்கும் மந்திரி பணத்துக்கு எதிர்ப்பக்கம்தான் போய் நிற்க வேண்டும்.

அந்த அமைச்சரவையில் வளர்ச்சித் துறையைப் பார்த்தவர் கே.வி. ரெட்டி நாயுடு. இந்த முறை எப்படி நடக்கிறது என்று விசாரிக்க 1924-இல் அமைக்கப்பட்ட முடிமன் குழு முன் அவர் சொன்னது இன்றும் படிக்கச் சுவாரஸ்யம். நான் வளர்ச்சித் துறை மந்திரி, ஆனால் காடு என்னிடம் இல்லை. வேளாண்மை மந்திரி, ஆனால் பாசனம் என்னிடம் இல்லை. விவசாயக் கடன் சட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. தொழில் மந்திரி, ஆனால் தொழிற்சாலை, கொதிகலன், மின்சாரம், சுரங்கம், தொழிலாளர் எதுவும் என்னிடம் இல்லை. இந்தப் பொருளில் அடுக்கிக்கொண்டே போனார். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று வேளாண் மந்திரியிடம் மனுக் கொடுத்தால் அவர் என்ன செய்திருப்பார், யோசித்துப் பாருங்கள்.

கலால் மந்திரிகள் கையில் இருந்ததில் இன்னொரு வேடிக்கை. அது மாகாணத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. சாராயக் கடையை மூடச் சொன்னால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வி அன்றே வந்துவிட்டது.

அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். கோயில் சொத்துகளைக் கண்காணிக்க பனகல் அரசர் 1922-இல் கொண்டுவந்த இந்து அறநிலைய மசோதா, எதிர்ப்புகளைத் தாண்டி 1925-இல் சட்டமானது. சென்னை ஓரளவு ஓடிய வண்டி. வங்காளத்தில், சட்டமன்றத்துக்குள் போயே இந்த முறையை முடக்க நினைத்த சுயராஜ்ஜியக் கட்சியினர் 1924-இல் மந்திரிகளின் சம்பளத்துக்கே ஒப்புதல் தராமல் சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள்.

கேள்வி: அப்புறம் எப்போது ஒழிந்தது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: மாகாணங்களில் 1937 ஏப்ரலில், 1935 சட்டத்தின்படி. ஆனால் அதே சட்டம் மாகாணத்தில் எடுத்ததை மத்தியில் வைத்தது: பாதுகாப்பு, வெளியுறவு போன்றவை வைஸ்ராயிடம், மற்றவை மந்திரிகளிடம். ஆனால் இதற்கு சமஸ்தானங்களும் சேர்ந்த கூட்டாட்சி அமைய வேண்டும், அதில் மன்னர்கள் போதுமான அளவில் சேர முன்வரவில்லை, அதற்குள் உலகப் போரும் வந்துவிட்டது. அந்தப் பகுதி காகிதத்திலேயே நின்றது.

கேள்வி: கூட்டாட்சி, கூட்டணி ஆட்சி, இரட்டை ஆட்சி எல்லாம் ஒன்றா? புதுச்சேரியில் நடப்பதும் இரட்டை ஆட்சி என்கிறார்களே?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: ஒன்றில்லை. கூட்டாட்சி மத்திய அரசும் மாநில அரசும் அதிகாரத்தைப் பங்கிடுவது. கூட்டணி ஆட்சி கட்சிகள் பதவியைப் பங்கிடுவது. புதுச்சேரியில் துணைநிலை ஆளுநருக்கும் முதல்வருக்கும் இழுபறி வரும்போதெல்லாம் இந்தச் சொல் அடிபடுகிறது, ஆனால் ஆளுநர் பங்கு இது, முதல்வர் பங்கு இது என்று அங்கே துறைகளைப் பட்டியல் போட்டுப் பிரித்துவைக்கவில்லை. 1919-இன் சாயல் வேண்டுமென்றால் தில்லியைப் பாருங்கள். அங்கே காவல், பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் அரசியலமைப்பின் 239ஏஏ பிரிவின்படி தில்லி சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே. திருட்டுப் போனது என்று முதலமைச்சரிடம் புகார் சொன்னால், காவல்துறை என்னிடம் இல்லை என்பார். அவர் சொல்வது உண்மைதான்.