கரை, குளம், காற்று: சூழல் சமநிலை பற்றிய கேள்வி பதில்

தக்கலை, பிளஸ் ஒன் மாணவி: சார், பாசிட்டிவ் ஃபீட்பேக் நல்லது, நெகட்டிவ் கெட்டது என்று எழுதலாமா?

எழுதினால் மார்க் போய்விடும். ஒரு மாற்றம் தன்னையே மேலும் தூண்டினால் நேர்ப் பின்னூட்டம். தன்னை அடக்கினால் எதிர்ப் பின்னூட்டம். ஆர்க்டிக்கில் பனி உருகினால் கறுத்த கடல்நீர் வெளியே தெரியும். அது வெயிலை உறிஞ்சும், இன்னும் உருகும். இது நேர்ப் பின்னூட்டம். இதில் என்ன நல்லது? சூடேறிய பூமி கூடுதல் வெப்பத்தை விண்வெளிக்கு வீசுவது எதிர்ப் பின்னூட்டம். நாம் பிழைத்திருப்பதே அதனால்தான்.

தேரூர் விவசாயி: குளத்து ஆகாயத்தாமரையை ஜேசிபி வைத்து அள்ளினாலும் மறுபடி மூடிவிடுகிறதே?

அள்ளியதை எங்கே கொட்டினார்கள் என்று முதலில் பாருங்கள் அண்ணாச்சி. கரையிலேயே குவித்தால் அழுகிய சத்து அடுத்த மழையில் குளத்துக்கே திரும்பிவிடும். அதைவிடப் பெரிய விஷயம் அடிச்சேற்றில் நடக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். செடி மேலே மூடினால் ஆக்சிஜன் தீரும், இரும்பு பிடியை விடும், பாஸ்பேட் தண்ணீரில் கலக்கும். அதுவே ஆகாயத்தாமரைக்குச் சாப்பாடு. சேற்றைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆக்சிஜன் தீர்ந்தாயிற்று என்று அர்த்தம். அதனால்தான் சாக்கடையை அடைத்த உடனே குளம் தெளிவதில்லை. கெட்டுப்போன நிலையும் ஒரு சமநிலைதான், பிடிவாதமான சமநிலை. செடியை எடுத்து, கழிவுநீரைத் தடுத்து, கோடையில் சேற்றையும் வாரி வெளியே கொண்டுபோனால்தான் அசையும். 2022இல் சுசீந்திரம் - தேரூர் குளங்களுக்கு ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. சந்தோஷம், ஆனால் பாஸ்பேட்டுக்கு அது தெரியாது.

குளச்சல் பக்கத்து மீனவர்: பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு போட்டபிறகு எங்கள் கரை போகிறது. எங்களுக்கும் ஒன்று போட்டால் சரியாகுமா?

உங்கள் கரை நிற்கலாம். அடுத்த ஊர் போகும். அலை சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. வரவும் செலவும் ஒத்துப்போகும்வரை கரை அப்படியே இருப்பதாகத் தெரியும். தூண்டில் வளைவு என்று கல்லைக் கடலுக்குள் நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் வரவு நின்றுவிடும்; அலையோ வழக்கம்போல் எடுத்துப்போகும். அப்புறம் அந்த ஊர் கேட்கும், அங்கேயும் போடுவார்கள். மனிதர்கள் வழியாக ஓடும் நேர்ப் பின்னூட்டம் இது.

ஆனி, ஆடியில் கரை சுருங்குவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அலை உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. அந்த அலை வாரிய மணலில் பெரும்பங்கு சற்றுத் தள்ளிக் கடலுக்கடியில் திட்டாகக் கிடக்கும். அடுத்த பெரிய அலை அதில் உடைந்து பலமிழக்கும். கடல் அடங்கியதும் மணல் மெல்லத் திரும்பும். தை, மாசியிலும் திரும்பவில்லை என்றால்தான் வரவே குறைந்துவிட்டது. ஊருக்கு ஒன்றாகக் கேட்பதைவிட, தேங்கிய பக்கத்து மணலை அள்ளி அரிக்கிற பக்கம் கொட்டுவதையும் சேர்த்து முழுக் கரைக்கும் ஒரே திட்டமாகக் கேளுங்கள் என்பேன்.

நாகர்கோவில் வாசகர்: பூமி இப்போது வெப்பச் சமநிலையில் இருக்கிறதா?

இல்லை. சதுர மீட்டருக்குச் சராசரியாகச் சுமார் 240 வாட் உறிஞ்சப்படுகிறது. வெளியேறுவது அதைவிட ஏறக்குறைய 1 வாட் குறைவு. ஒரு வாட்தானே என்று விடமுடியாது. பூமி முழுக்கக் கூட்டினால், மனிதர்கள் அனைவரும் பயன்படுத்தும் ஆற்றலைப்போல் இருபது மடங்குக்கு மேல். அதில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள் போகிறது.

ஆரல்வாய்மொழி: காற்றாலைகள் மழைமேகத்தைக் கலைத்துவிடுகின்றன என்கிறார்களே?

இறக்கை எட்டுவது சில நூறு அடி. மழைமேகம் கிலோமீட்டர் கணக்கில் எழும்பி நிற்பது. இறக்கை சுற்றும் வட்டத்துக்குள் வரும் காற்றின் ஆற்றலிலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்கமுடியாது. பின்னால் நிற்கும் காற்றாலைக்குக் காற்று குறையும், இரவில் தரையோர வெப்பநிலை கொஞ்சம் மாறும். மழை குறைந்த வருடத்தில் பருவக்காற்றையும் கடலின் சூட்டையும் பாருங்கள், காற்றாலையை விட்டுவிடுங்கள்.