வங்கி கைவிரித்தால் முன்பணம் யாருக்கு?

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் 31 ஆண்டுகள் பால் வெட்டி ஓய்வுபெற்றவன் நான். மகனும் நானுமாக 120,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீடு வாங்க ஒப்பந்தம் போட்டு, 12,000 ரிங்கிட் முன்பணம் கட்டினோம். 90 நாள்களுக்குள் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று அதில் எழுதியிருக்கிறது. வங்கி மறுத்துவிட்டது, தவணையும் கடந்துவிட்டது. பின்வாங்கியது நாங்கள் என்பதால் முன்பணம் கிடையாது என்கிறார் வீட்டுக்காரர். இது முறையா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முறையன்று, ஐயா. இருவரும் ஒப்புக்கொண்ட நிபந்தனைதான் இந்த ஒப்பந்தத்தை முடித்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில் ‘60’ என்பதை அடித்துப் பேனாவால் ‘90’ என்று திருத்தி, பக்கத்திலேயே நீங்களும் வீட்டுக்காரரும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாம் கவனிக்கவில்லை என்று அவர் இனிச் சொல்ல முடியாது. குறித்த காலத்துக்குள் ஒன்று நடக்க வேண்டும் என்பதைச் சார்ந்து செய்யப்பட்ட ஒப்பந்தம், காலம் கடந்தும் அது நடக்காவிட்டால் செல்லாததாகிவிடும் என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 36ஆவது பிரிவு. அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தின்வழி ஒருவர் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று 66ஆவது பிரிவு கடமையாக்குகிறது.

ஆனால் கடனுக்கு நீங்கள் உண்மையாகவே முயன்றிருக்க வேண்டும். கேட்ட சம்பளச் சீட்டைக் கொடுக்காமல் காலம் கடத்திவிட்டு நிபந்தனையின் பின்னால் ஒளிந்துகொள்பவருக்கு நீதிமன்றம் துணை நிற்காது. எனவே விண்ணப்பப் படிவம், வங்கியின் மறுப்புக் கடிதம் இரண்டையும் பத்திரப்படுத்தி, ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்துப்பூர்வமாகப் பணத்தைக் கேளுங்கள். ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு வரம்பு உண்டென்றாலும் தள்ளிப்போட வேண்டாம். எனக்கு வரும் ஒப்பந்தங்களில் பல, கடன் கிடைக்காவிட்டாலும் மீதிப் பணத்தை வாங்குபவரே புரட்ட வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அவற்றில் கையெழுத்திட்ட நம் மக்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தை இழப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள அந்த ஒரு வரியைக் கையெழுத்துக்கு முன் யாரிடமாவது படித்துக் கேளுங்கள்.

கேள்வி: தோட்டம் கைமாறினால் கடை வாடகை ஒப்பந்தம் முடியும் என்பது எங்கள் நிபந்தனை. தோட்டம் கைமாறிவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு மாத வாடகைப் பாக்கியையும் நான் கட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி, அதே ஊர்

பதில்: கட்டத்தான் வேண்டும், அம்மா. நிபந்தனை நிறைவேறிய நாளிலிருந்துதான் கடமை முடிகிறது. அதற்கு முன்பே சேர்ந்துவிட்ட பாக்கி அப்படியே நிற்கும். நீங்கள் வைப்புத்தொகை கட்டியிருந்தால், பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருமாறு கேளுங்கள். கடைச் சாவியை ஒப்படைக்கும்போது, தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.