ஆசிட் டேங்கர் கசியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

சேலம் வழியாக இத்தனை ஆசிட் டேங்கர்கள் போகின்றனவே, கசிவை எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் லோடு ஏற்றும் இடத்திலேயே விஷயம் முடிவாகிவிடுகிறது. அடர் சல்ப்யூரிக் அமிலம் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு எடை. பெரிய டேங்கில் எடைக் கணக்குப் பார்த்து ஏற்றினால் பாதிதான் நிரம்பும். மீதி இடத்தில் ஆசிட் அலையடிக்கும். பிரேக் போட்டால் மொத்தமும் முன்னால் பாயும், வளைவில் பக்கவாட்டில் தள்ளி வண்டியையே சாய்க்கும். உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் இருந்தால் அந்த வேகம் குறையும். அளவுக்கேற்ற டேங்கர் அதைவிட நல்லது.

அப்புறம் சேலம்–தருமபுரி சாலையில் வரும் தொப்பூர் கணவாய் இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். சின்ன கியரில்தான் இறங்க வேண்டும்.

வால்வையும் பாருங்கள். கொண்டலாம்பட்டி பைபாஸில் ஒரு டேங்கரின் வால்வில் சாக்குத் துணி சுற்றிக் கட்டியிருந்ததைப் பார்த்தேன். மூடியைக் காணோம்!

வண்டியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்கிறது 1989 மோட்டார் வாகன விதி. அதில் சரக்கு என்னவென்று காட்டும் ஐ.நா. எண் 1830 என்றிருந்தால் சல்ப்யூரிக் அமிலம். கசிந்தால் தள்ளி நின்று 112க்குக் கூப்பிட்டு, அந்த எண்ணையும் சொல்லுங்கள்.