உடும்புப் பொந்து

கேள்வி: மனநல சிகிச்சையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்-பல்கி கண்டுபிடித்துவிட்டார், ஃபிராய்டு அதைத் திருடித்தான் பெயர் வாங்கினார் என்று ஒரு காணொளி பார்த்தேன். இதை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்க வேண்டாமா? இன்னொன்று: என் தம்பி ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்ய முக்கால் மணி நேரம் எடுக்கிறான். வஸ்வாஸ் (மனத்தை விடாமல் அரிக்கும் சந்தேகம்) என்கிறார்கள். ஓதிப் பார்த்தால் போதுமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: திருட்டுப் புகாரை முதலில் தள்ளுபடி செய்துவிடுவோம். முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கி (850–934) எழுதிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ (உடலின், உள்ளத்தின் நலன்கள்) என்ற நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல்லில் அயாசோஃபியா சேகரிப்பில் கிடந்தது. அதை அப்படியே படியெடுத்து ஃபிராங்க்ஃபர்ட்டில் அறிஞர் ஃபுவாத் செஸ்கின் வெளியிட்டது 1984-ல். ஃபிராய்டு இறந்தது 1939-ல். காணொளிக்காரர் நாள்காட்டியைப் பார்த்திருக்கலாம். புஷ்பக விமானத்தைக் காட்டி ரைட் சகோதரர்களை வம்புக்கு இழுப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நாம், நம் வீட்டு விமானத்தை மட்டும் நம்பிவிடுகிறோம்.

இதில் அறிஞர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அந்த நூலின் உள்ளம் பற்றிய பகுதியை 2013-ல் ஆங்கிலத்தில் தந்த சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி, ‘ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் ஒருவரின் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ என்று பொருள்படும் துணைத்தலைப்பை வைத்தார். தவறான எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தி மனத்துயரைப் போக்கும் அந்த சிகிச்சையை 1960-களில் வளர்த்தெடுத்த அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் தம் சிந்தனையின் வேர் என்று சொன்னது கிரேக்க ஸ்டோயிக் தத்துவவாதிகளை. பல்கியின் ஆசிரியர் என்று சொல்லப்படும் அல்-கிந்தியும் துயரத்தைப் போக்குவது பற்றி எழுதியபோது அதே கிரேக்கக் கிணற்றில்தான் நீர் இறைத்தார். ஒரே கிணற்று நீர் இரண்டு வீட்டுக் குடத்தில் இருந்தால் திருட்டு ஆகிவிடுமா?

திருட்டுக் கதையை விடுங்கள். பல்கி சொன்னதைக் கேளுங்கள், அதுவே போதுமான வியப்பு. உடல்நோய் வராமலேயே ஒருவன் பல ஆண்டுகள் இருந்துவிடலாம். கோபமும் அச்சமும் கவலையும் தொடாத நாள் யாருக்கும் இல்லை. அப்படியிருக்க மருத்துவர்கள் உடலைப் பற்றி மட்டும் எழுதுகிறார்களே என்பது அவர் குறை. சோகத்தை இரண்டாகப் பிரிக்கிறார். பிள்ளையை இழந்தவனின் சோகம் காரணம் தெரிந்தது; ஆறுதல் பேச்சாலும் அவனே தனக்குச் சொல்லிக்கொள்ளும் எண்ணங்களாலும் அது தணியும். காரணமே தெரியாமல் வந்து, எதிலும் இன்பம் இல்லாமல் செய்துவிடும் சோகம் வேறு. அதன் வேர் உடலில், இரத்தத்தில் இருக்கிறது, மருந்து வேண்டும் என்கிறார். இரத்தம் பற்றிய அந்தக்கால விளக்கம் இன்று செல்லாது. ஆனால் பிரித்த கை மருத்துவனின் கை. வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்துக்கொள்வது போல, மனம் தெளிவாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள் என்றும் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

இவ்வளவையும் எழுதிய நூல் ஏன் நூற்றாண்டுக் கணக்கில் ஏடாகவே கிடந்தது என்று காணொளி கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். மரபு முழுவதும் உறங்கிவிடவில்லை. 1095-ல் பாக்தாதில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலிக்கு நாக்கு எழவில்லை, உணவு இறங்கவில்லை. கோளாறு கல்பில் (உள்ளத்தில்) தொடங்கி உடலுக்கு இறங்கியிருக்கிறது என்று மருத்துவர்கள் கைவிட்டதை அவரே எழுதியிருக்கிறார். கல்பு, நப்ஸ் (ஆசைகள் நிறைந்த மனம்), ரூஹ் (ஆன்மா) பற்றி அவர் பின்னர் எழுதியவற்றைப் படிக்கும்போது அந்த நாக்கை மறக்க முடியாது. 1488-ல் துருக்கியில் எழுந்த எதிர்னே மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கு இசையும் நீரின் ஓசையும் இருந்தன. அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும்: 1184-ல் டமாஸ்கஸ் மருத்துவமனையைப் பார்த்த பயணி இப்னு ஜுபைர், மனநோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்ததையும் அவர்கள் சங்கிலியில் இருந்ததையும் சேர்த்தே எழுதுகிறார். சங்கிலி என்றால் என்ன என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று பக்கத்து ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் சங்கிலியோடு கருகினார்கள்.

இன்று ‘இஸ்லாமிய உளவியல்’ என்று வழங்கும் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் (இந்தச் சொல்லுக்கு மன்னிக்கவும்) மேலே சொன்ன அதே பத்ரிதான். முந்திய சமூகத்தார் உடும்புப் பொந்துக்குள் நுழைந்தாலும் நீங்களும் பின்னால் நுழைவீர்கள் என்ற நபிமொழியை எடுத்துக்கொண்டு, முஸ்லிம் உளவியலாளர்கள் அந்தப் பொந்துக்குள்தான் இருக்கிறார்கள் என்று 1975-ல் அமெரிக்காவில் அவர்கள் முகத்துக்கு நேராகவே பேசினார். 1979-ல் அது நூலாயிற்று. அவர் லெஸ்டரில் முனைவர் பட்டம் பெற்றவர், நடத்தை சிகிச்சை செய்தவர். பயன்பட்டதை வைத்துக்கொண்டார், ஃபிராய்டை அப்படியே விழுங்குவதை எதிர்த்தார். பல்கியின் பெருமையை பெக் கையிலுள்ள அளவுகோலால் அளப்பதும் அதே பொந்துதான் என்பது என் எண்ணம். துணைத்தலைப்பு வைத்தபோது அவரும் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார்.

இனி உங்கள் தம்பி. வஸ்வாஸைப் பல்கி வைத்தது மருத்துவ நூலில். அந்த நோயாளியைத் தனியே விடாதீர்கள் என்பது அவர் அறிவுரை. எனவே அவனைக் கேலி செய்யாதீர்கள், “எத்தனை தடவை கழுவுவாய்” என்று கத்தாதீர்கள். ஓதுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இதற்கு மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. அதற்குள் பேச வேண்டுமானால் 14416, அரசின் இலவச எண். காணொளியை அவனுக்கு அனுப்ப வேண்டாம்.